மூன்றாம் எண் கூண்டு

கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே மழை நேரத்தையும் அச்சடிக்கும் வழக்கம் வந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. 'முகூர்த்தம் காலை 9.00 – 10.30. மழை மாலை 4.10 – 4.35.' யாரும் அதைப் புதுமையாகப் பார்ப்பதில்லை. சங்குமுனைத் துறைமுகத்தில் நாலு மணி அடித்ததும் கருவாடு காயவைத்திருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்தாமலே எழுந்து பாயைச் சுருட்டுவார்கள். நாலு பத்துக்கு முதல் துளி விழும். குடை என்பது வெயிலுக்குப் பிடிப்பது என்று நினைத்த பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்கே போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் வான்கணி. எங்கோ மலையடிவாரத்தில், குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் இருக்கும் கணிப்பு எந்திரம் அது. கடலில் மிதக்கும் மிதவைகளும் கரையோரக் கோபுரங்களில் பொருத்திய உணரிகளும் அனுப்பும் எண்களை நாள் முழுக்க விழுங்கிவிட்டு, அடுத்த ஐந்து நாளைக்கு வானம் என்ன செய்யும் என்று நிமிடக் கணக்கில் சொல்லும். சொன்னது நடக்கும். எப்போதாவது சொல்லாத நேரத்தில் மழை விழுந்தால் அதற்குப் பெயர் 'சிதறல்'. சிதறல் மழையில் சேர்த்தியில்லை. தொப்பலாக நனைந்துகொண்டே, "மழையெல்லாம் இல்லீங்க, சிதறல்தான்" என்று தொலைபேசியில் சொல்பவர்களைத் தையல்நாயகி தினம் பார்த்தாள். அவளும் அப்படிச் சொன்னவள்தான்.

தையல்நாயகி சங்குமுனைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். வயது முப்பத்தெட்டு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் அவளும் தம்பியும்தான். தம்பி அமிர்தகடேசனுக்குச் சொந்தப் படகு உண்டு. ஊருக்கே அவன் கடேசன். அலுவலகத்தில் அவளுக்கு முக்கியமான வேலை என்று பார்த்தால் பழுதுச் சீட்டுகளைக் கோப்பில் போடுவது ஒன்றுதான்.

பழுதுச் சீட்டு வந்த கதை வேடிக்கையானது. வான்கணி வந்த புதிதில் ஒரு மிதவையின் காற்றழுத்தமானி மேல் நாரை எச்சமிட்டு வைக்க, அது தாறுமாறான எண்ணை அனுப்ப, வான்கணி அதை நம்பிப் புயல் என்று சொல்ல, பெரிய இடத்து விழா ஒன்று நின்றுபோனது. வான்கணியை நடத்தும் வானிலை வாரியத்தில் பலருக்கு வேலை போயிற்று. அதன் பிறகு 'சீராக்கி' என்று ஒன்றை நடுவில் வைத்தார்கள். மிதவை அனுப்பும் அழுத்தத்தைச் சீராக்கி முதலில் பார்க்கும். வான்கணி எதிர்பார்த்ததற்கும் அதற்கும் மூன்று மில்லிபாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மிதவை பழுது என்று முடிவு கட்டும். வந்த எண்ணைத் தள்ளிவிட்டு, எதிர்பார்த்த எண்ணை அந்த இடத்தில் போடும். தள்ளிய எண்ணை ஒரு சீட்டில் அச்சடித்துப் பக்கத்துத் துறைமுகத்துக்கு அனுப்பும், யாராவது போய் மிதவையைத் துடைக்கட்டும் என்று. துடைக்கப் போகிறவர்கள் மாதம் ஒருமுறை போவார்கள். போகும்போது மிதவை நன்றாகத்தான் இருக்கும். துடைத்துவிட்டு வருவார்கள்.

தையல்நாயகி வானிலைப் படம் வரையக் கற்றுக்கொள்ளப் போனதற்குக் காரணம் வானத்தின் மேல் ஆசை அல்ல. பழைய துறைமுகச் சட்டம் ஒன்றை யாரும் மாற்றாமலே விட்டிருந்தார்கள். எந்தத் துறைமுகத்திலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் கம்பம் ஒன்று இருக்க வேண்டும்; வானிலைப் படத்தைக் கையால் வரைந்து பார்த்துக் கூண்டு ஏற்றத் தெரிந்த, உரிமம் பெற்ற 'கைவரைஞர்' ஒருவர் இருக்க வேண்டும். சங்குமுனையில் அந்த இடம் ஆறு வருடமாகக் காலி. எழுத்தர்களை எல்லாம் கடலில்லாத உள்மாவட்ட அலுவலகங்களுக்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, கைவரைஞர் ஆனால் கடலை விட்டுப் போக வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டாள். கடேசனைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. அவனுக்கு ஒழுங்காகச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது.

ஆனால் ஆரம்பித்த மூன்றாம் வாரமே அந்தப் படம் அவளைப் பிடித்துக்கொண்டது. வெறும் கடல் படம். ஒவ்வொரு மிதவை இருக்கும் இடத்திலும் அழுத்தத்தை எழுத வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஒரு சின்ன வால் போட வேண்டும். பிறகு ஒரே அழுத்தம் உள்ள இடங்களைப் பென்சிலால் இணைக்க வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் காற்று சோம்பேறி. நெருங்கி நெருங்கி வந்தால் அங்கே காற்று அடித்து நொறுக்கும். வெறும் எண்களாகக் கிடந்த தாளில் பத்து நிமிடத்தில் ஒரு மேடும் ஒரு பள்ளமும் தெரிய ஆரம்பிக்கும்போது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடது கைப் பக்கம்தான் தாழ்வு இருக்கும் என்று படித்த அன்று, படகுகள் அணையும் துறைமுகப் பாலத்தில் போய் முதுகைக் காட்டி நின்று பார்த்தாள். மீன் கூடையோடு போன பெண்கள் இவளுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தார்கள்.

சீட்டுகளைக் கவனித்ததும் அப்போதுதான். ஒருநாள் மேசையில் பதினோரு பழுதுச் சீட்டுகள் ஒன்றாக வந்து கிடந்தன. பழக்கதோஷத்தில் அந்த எண்களையும் படத்தில் அந்தந்த இடத்தில் எழுதினாள். பதினொன்றும் சேர்ந்து கடலில் வளைவாக நின்றன. எல்லாமே குறைந்த அழுத்தம். கோடு போட்டுப் பார்த்தால் அழகான வட்டம். வான்கணியின் படத்தில் அந்த இடம் வழவழவென்று காலியாக இருந்தது. இரண்டு நாளில் சங்குமுனையில் விடாமல் கொட்டியது. ஊர் முழுக்க அதைச் சிதறல் என்றது.

அந்த மாதமே முதல் தேர்வு வந்தது. கைவரைஞர் எந்தக் கருவியின் எண்ணை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று சட்டத்தில் இருந்ததால், கொடுத்த தாளில் இருந்த சீராக்கிய எண்களுக்குப் பதிலாக அன்றைய ஒன்பது சீட்டுகளின் எண்களை வைத்து வரைந்தாள். நூற்றுக்கு முப்பத்தொன்று வந்தது. வாரியத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் பத்மாசனி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"கொடுத்த தாளை விட்டுட்டு, தள்ளிப்போட்ட எண்ணை எல்லாம் எதுக்கும்மா பொறுக்கி எடுத்தீங்க?"

"அதெல்லாம் மிதவை அனுப்புனதுதானே மேடம்?"

"பழுதான மிதவை அனுப்பினது."

"ஒம்பது மிதவையும் ஒரே நாள்ல, ஒரே பக்கத்துலயா பழுதாகும்?"

"உப்புத் தண்ணி. ஆகும்" என்றார் பத்மாசனி. "இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கு. கோடெல்லாம் எவ்வளவு நல்லா வருது உங்களுக்கு. அதைக் கெடுத்துக்காதீங்க."

இரண்டாம் தேர்வு ஐப்பசி கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்குத் தேர்வு. விடியற்காலை ஐந்தரை மணி எண்களை வைத்து வரைய வேண்டும். தையல்நாயகி ஏழு மணிக்கே அலுவலகம் போனாள். மேசையில் இருபத்தாறு சீட்டுகள் இருந்தன. உட்காராமலே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 1003. 1001. 998. நடுவில் ஒன்று 993. வான்கணியின் அறிக்கை அன்றைக்கு லேசான வாடைக்காற்று, அமைதியான கடல் என்றது. படகுகள் புறப்பட நல்ல நேரம் பதினொன்று பத்து. கடேசன் இந்நேரம் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பான்.

தேர்வு மேசையில் உட்கார்ந்ததும் அவளுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. உண்மையை வரைந்தால் தேர்வு போகும்; உரிமம் இல்லாதவள் கூண்டைத் தொட முடியாது; கம்பத்தின் பூட்டு உரிம அட்டைக்குத்தான் திறக்கும். வாயால் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்க வைக்க ஒரே வழி கூண்டு. கூண்டுக்கு ஒரே வழி பொய்ப் படம்.

கொடுத்த தாளை மட்டும் வைத்து நாற்பது நிமிடத்தில் ஒரு படம் வரைந்தாள். 1009, 1010, அமைதியான கடல். அவள் போட்டதிலேயே சுத்தமான கோடுகள். அடியில் 'இப்படம் என் அறிவுக்கு எட்டியவரை உண்மையானது' என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மீதி நேரத்தில், கூடுதலாகக் கொடுத்திருந்த வெற்றுப் படத்தில், சீட்டு எண்களைச் சேர்த்து இன்னொன்று வரைந்தாள். அதிலும் அதே வாசகம் இருந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டாள், நேரத்தைக் குறித்தாள், மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு முடிவு வந்தது. தொண்ணூற்றெட்டு. பத்மாசனி உரிம அட்டையைக் கையில் கொடுத்து, "பாத்தீங்களா, சொன்னேன்ல" என்று சிரித்தார். பத்து இருபதுக்குச் சங்குமுனைக் கம்பத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.

ஆறு வருடமாகக் காலியாக நின்ற கம்பம் அது. பிரம்பில் முடைந்த கறுப்புக் கூண்டு உச்சியில் போய் நின்றதும் பாலத்தில் பேச்சு அடங்கியது. வான்கணி ஒன்றும் சொல்லவில்லையே என்று சிலர் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தார்கள். கடேசன் மேலே பார்த்தான், கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தான், எஞ்சினை நிறுத்தினான். முதல் படகு நின்றதும் அடுத்தவனும் நிறுத்தினான். நாற்பது படகும் நின்றுவிட்டன. சாயங்காலம் ஐந்து மணிக்குக் காற்று வந்தது. ஏலக் கூடத்தின் கூரைத் தகடு பறந்து உப்பு மண்டிக்குள் விழுந்தது. பாலத்தில் கட்டியிருந்த இரண்டு படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வான்கணியின் பதிவேட்டில் அன்றைய தினம் சங்குமுனையில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் காற்று, அமைதியான கடல். அதற்கு மாறாக எண் அனுப்பிய கருவிகள் எல்லாம் பழுது. தையல்நாயகியின் மேசையில் மறுநாள் இருநூற்று ஆறு சீட்டுகள் குவிந்திருந்தன. ஊரில் அதற்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். பெருஞ்சிதறல்.

நாலாம் நாள் விசாரணைக்கு வாரியத்திலிருந்து தனராஜ் என்ற அதிகாரி வந்தார். ஓய்வு பெறும் வயது. வழியில் சிதறல் பிடித்துக்கொண்டதால் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. தேர்வுப் படத்தையும், கூண்டுக்கு ஆதாரமாக அவள் கோப்பில் வைத்திருந்த படத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே நாள், ஒரே நேரம். ரெண்டுலயும் உங்க கையெழுத்து. ரெண்டும் உண்மைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இது உண்மைன்னா" என்று தேர்வுப் படத்தைத் தொட்டார், "கூண்டு பொய். பொய்க் கூண்டு ஏத்தினது குற்றம். அது உண்மைன்னா, தேர்வுல பொய். உரிமம் செல்லாது. உரிமம் இல்லாம கூண்டு ஏத்தினதும் குற்றம். எப்படிப் பாத்தாலும் மாட்டுறீங்களேம்மா."

"காத்து வந்துச்சே சார். கூரைத் தகடு இன்னும் மண்டிக்குள்ளதான் கெடக்கு. வந்து பாருங்க."

"பாத்தேன். பாக்காம என்ன?" தனராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாத்ததை எழுத எனக்கு இடமில்லை. பதிவேட்டுல இருக்கறதுதான் நடந்தது. உங்களைத் தண்டிக்க எனக்கு மனசில்லை. ஒரு வழி இருக்கு. அன்னைக்கு நடந்தது ஒத்திகைன்னு எழுதிடறேன். ஒத்திகைக்குக் கூண்டு ஏத்தலாம், விதியில இடமிருக்கு. தேர்வுப் படம் உண்மை, ரெண்டாவது படம் ஒத்திகைக்காக வரைஞ்ச கற்பனை. உரிமமும் போகாது. மதியம் வரைக்கும் யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனாள். கடேசன் வலை பின்னிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஊசியை வாயில் கடித்துக்கொண்டே கேட்டான்.

"எழுதிக் குடுத்துட்டு வாக்கா. இதுல என்ன யோசன?"

"நீயே கண்ணால பாத்தியேடா. உசுரு பொழைச்சது ஒத்திகையிலயா?"

"நீ சொன்னதாலதான் நிறுத்துனேன். காத்து வந்துச்சு, இல்லேங்கல. ஆனா வான்கணி பொய்யின்னு எழுதி ஒட்டிட்டா, நாளைக்கு எதைப் பாத்துட்டு நாங்க கடலுக்குப் போறது? வருசத்துல முந்நூத்தறுவது நாளு அது சரியாத்தான் சொல்லுது."

"மிச்சம் அஞ்சு நாளு?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே" என்றான் கடேசன்.

அந்த வார்த்தைதான் அவளை முடிவெடுக்க வைத்தது. உரிமம் போனால் அடுத்த முறை சீட்டுகளைப் பார்க்க ஆளில்லை, கூண்டு ஏற்ற ஆளில்லை. நடந்து முடிந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்தால் வரப்போகிற நாட்கள் கையில் இருக்கும். இரண்டு மணிக்குப் போய், அன்று நடந்தது ஒத்திகைதான் என்று கையெழுத்துப் போட்டாள். தனராஜ் நிம்மதியாக மூச்சு விட்டார். தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

நல்ல காரியத்தை வாரியம் வீணாக்குமா? சங்குமுனை ஒத்திகையில் நாற்பது படகும் ஒழுங்காக நின்றது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு மாதத்துக்குள் சுற்றறிக்கை வந்தது. இனி எல்லாத் துறைமுகத்திலும் மாதம் ஒரு ஒத்திகை. எந்த நாள் என்பதைக் கைவரைஞரே முடிவு செய்யலாம். முன்கூட்டி யாருக்கும் சொல்லக் கூடாது. கூண்டு ஏறியதும் படகுகள் மூன்று முறை ஒலி எழுப்பிப் பாலத்தருகே வரிசையாக வர வேண்டும், வருகையைப் பதிய வேண்டும், அரை மணி நேரம் நிற்க வேண்டும், பிறகு தொழிலுக்குப் போகலாம். ஐந்தாம் விதி ஒன்று இருந்தது. மக்கள் அலட்சியமாக இருந்துவிடாமல், கைவரைஞர் ஒலிபெருக்கியில் 'இது ஒத்திகை அல்ல' என்று நம்பும்படியாக மூன்று முறை அறிவிக்க வேண்டும்.

தையல்நாயகி தனராஜுக்குத் தொலைபேசியில் பேசினாள். "அஞ்சாம் விதி மட்டும் வேணாம் சார்."

"அது இல்லாட்டி விளையாட்டா எடுத்துக்குவாங்கம்மா. நிஜம்னு நெனைச்சு நின்னாத்தான் பழக்கம் வரும்."

யோசித்துப் பார்த்தபோது அவளுக்கும் அது சரி என்றுதான் பட்டது. கூண்டைக் கண்டதும் கை தானாக எஞ்சினை நிறுத்த வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் வான்கணி என்ன சொன்னாலும் கவலையில்லை. அதனால் மாதாமாதம் மனதாரச் செய்தாள். முதல் இரண்டு மாதம் குரலில் பயம் வரவில்லை. அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொள்ளப் பழகினாள். குரல் தானாகத் தழுதழுத்தது. ஆவணி மாத ஒத்திகையில் அவள் பேசியதைக் கேட்டு வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பாலத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். உள்ளூர்க்காரர்கள் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்து, சும்மா ஒத்திகை என்று தேற்றினார்கள். சிறந்த ஒத்திகைத் துறைமுகம் என்று வாரியம் சங்குமுனைக்குக் கேடயம் கொடுத்தது.

மறு ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, மேசையில் முப்பத்தொரு சீட்டுகள் கிடந்தன.

அவள் அவசரப்படவில்லை. எண்களை ஒவ்வொன்றாக எழுதினாள். கோடுகளைப் போடப் போட, பென்சில் நுழைய இடமில்லாதபடி நெருங்கி வந்தன. நடுவில் 984. இந்த ஒரு வருடத்தில் அவள் இவ்வளவு தாழ்ந்த எண்ணை எழுதியதில்லை. வெளியே வந்து காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இடது கை நேரே கடலைப் பார்த்து நீண்டது. வான்கணி வழக்கம்போல லேசான வாடை என்றது. வாரியத்துக்குப் பேசினாள். தனராஜ்தான் எடுத்தார்.

"சார், தொள்ளாயிரத்து எம்பத்தி நாலு. சாயங்காலத்துக்குள்ள கரைக்கு வந்துரும். எல்லாத் துறைமுகத்துக்கும் சொல்லுங்க. இது ஒத்திகை இல்ல சார்."

"பிரமாதம்மா" என்றார் தனராஜ். "எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. தொலைபேசியிலயும் சொல்லணும்னு விதியில இல்லையே, நீங்களா சேத்தீங்களா?"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டுக் கம்பத்துக்கு ஓடினாள்.

கூண்டு ஏறியது. அந்த மாத ஒத்திகை இன்னும் நடக்கவில்லை என்பதால் எல்லாரும் எதிர்பார்த்துத்தான் இருந்தார்கள். நாற்பது படகும் மூன்று முறை ஒலி எழுப்பின. வரிசையாகப் பாலத்தருகே வந்தன. வருகை பதிந்தார்கள். அத்தனை ஒழுங்கு, அத்தனை அழகு. அவள் ஒலிபெருக்கியை எடுத்தாள். "இது ஒத்திகை அல்ல" என்றாள். கூட்டம் சிரித்தபடி அடுத்த இரண்டு முறைக்குக் காத்திருந்தது. நாலாவது முறை சொன்னாள், ஐந்தாவது முறை சொன்னாள். சீட்டுகளைக் காட்டினாள், படத்தை விரித்துக் காட்டினாள், எண்களைப் படித்தாள், குரல் உடைந்து அழுதாள். கேடயம் வாங்கியவள் என்றால் சும்மாவா என்று யாரோ பெருமையாகச் சொன்னது காதில் விழுந்தது.

அரை மணி முடிந்தது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. "கூண்டை எறக்க மறந்துட்டியே அக்கா" என்று ஒருவன் கத்திக்கொண்டே போனான்.

கடேசன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவள் பாலத்தின் விளிம்புக்கு வந்து நின்றாள்.

"தம்பி, போகாதடா. நெசமாச் சொல்றேன்."

"நீ எப்பதான்க்கா நெசமாச் சொல்லல?" அவன் குரலில் கேலி இல்லை, பாசம்தான் இருந்தது. "ஆவணியில நீ அழுததப் பாத்து எனக்கே நெசமோன்னு தோணிருச்சு. தண்ணியக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போ. தொண்ட கட்டிக்கிச்சு பாரு."

இன்னும் என்ன சொல்ல மிச்சமிருக்கிறது என்று அவள் தேடினாள். எல்லா வார்த்தையையும் பதினோரு மாதமாகச் சொல்லித் தீர்த்தாகிவிட்டது. கண்ணீரையும் தீர்த்தாகிவிட்டது. கடலுக்குப் புறப்பட்ட படகில் பெண் காலை வைக்கும் வழக்கம் சங்குமுனையில் கிடையாது. அவள் அம்மாகூடக் கடைசிவரை வைத்ததில்லை. தையல்நாயகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாலத்திலிருந்து படகுக்குள் இறங்கி, நடுப் பலகையில் உட்கார்ந்தாள்.

கடேசன் திகைத்துப் போனான். "என்னக்கா பண்ற? எறங்கு. யாராவது பாத்துறப் போறாங்க."

அவள் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். நீ போவதானால் நானும் வருகிறேன் என்பது அந்த முகத்தில் இருந்தது. எந்தச் சுற்றறிக்கையும் இதைச் செய்யச் சொல்லியிருக்காது என்று அவனுக்குத் தெரியும். அவன் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. குனிந்து எஞ்சினை நிறுத்தினான். பிறகுதான் முதல் முறையாக நிமிர்ந்து கடலைப் பார்த்தான்.

"டேய், நில்லுங்கடா" என்று அவன் மற்றவர்களைப் பார்த்துக் கூவினான். "இது ஒத்திகை இல்லடா."

பக்கத்தில் போன படகில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்காவும் தம்பியும் ஒரே படகில் உட்கார்ந்திருப்பதை ஒருவன் கைப்பேசியில் படம்கூட எடுத்தான். "புதுசாச் சேத்துருக்காங்களா அக்கா? இது ரொம்ப நல்லாருக்கு" என்றான். கடேசன் படகுக்குப் படகு பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். ஒவ்வொருவரும் கையசைத்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு இருந்தது ஒரு உடம்பு. அது ஒரு படகில்தான் உட்கார முடிந்தது. மற்ற முப்பத்தொன்பது படகும் வான்கணி சொன்ன நேரத்துக்கு முகத்துவாரத்தைத் தாண்டின.